எட்டரை முதல் எட்டு ஐம்பது வரை

என் கோப்பில் உள்ள நறுக்கு: வாரப் பத்திரிகை ஒன்றின் மகளிர் பக்கம், ஒக்டோபர் மாதத்து மூன்றாவது ஞாயிறு. தலைப்பு, “மழைக்காலத்தில் அலுவலகத்துக்கு என்ன உடுத்தலாம்?” ஏறத்தாழ முக்கால் பக்கம். வலது ஓரத்தில் குடை பிடித்த பெண்ணின் கோட்டுப்படம். கண்டி மழைக்குக் கொஞ்சமும் பொருந்தாத படம், அவள் காலில் குதியுயர்ந்த சப்பாத்து. கட்டுரையின் அடியில் ஒரு புனைபெயர். அது என்னுடையது.

எந்த ஆண்டு என்று எழுதவில்லை. மறதியல்ல. பதினான்கு வயதிலிருந்து எதை எழுதினாலும் திகதியும் நேரமும் இட்டு எழுதிப் பழகியவள் நான். வீட்டில் முதல் மின்விசிறி வாங்கிய நாள், பேராதனைப் பாலத்தில் பஸ் பழுதாகி நின்ற நிமிடக்கணக்கு, படித்த ஒவ்வொரு புத்தகத்தையும் தொடங்கிய நாளும் முடித்த நாளும், எல்லாம் கொப்பிகளில் இருக்கின்றன. இந்தக் குறிப்பில் மட்டும் ஆண்டையும் அலுவலகத்தின் பெயரையும் அவரின் பெயரையும் விட்டுவிடுகிறேன். விடவேண்டியதை அன்றைக்கே விட்டிருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது.

அவர் எங்கள் அலுவலகத்தின் பதிவறையில் இருந்தார். பழைய கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுப்பதும் திரும்ப அடுக்குவதும் வேலை. தற்காலிக நியமனம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீடித்து நீடித்து ஏழு வருடம் ஓடியிருந்தது. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வருவார். முதல் பஸ். இரண்டாவது பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுவார்கள், சேலை கசங்கும் என்பது அவர் சொன்ன காரணம். கொசுவத்தை ஒரு சாண் உயர்த்தி இடுப்பில் ஒரு பெரிய ஊக்கால் குத்திக்கொண்டு, ரப்பர் செருப்போடு வருவார். அலுவலக வாசலில் குடையை உதறி, ஊக்கைக் கழற்றி, கொசுவத்தை இறக்கிவிட்டு, பையிலிருந்து கறுப்புச் சப்பாத்தை எடுத்துப் போடுவார். அந்த வாசலுக்கு இந்தப் பக்கம் வந்தவர் மழையில் நனைந்து மலையிறங்கி வந்தவர் என்று யாரும் சொல்லமுடியாது.

தன்னை அப்படி ஆக்கிக்கொண்ட பிறகு எங்களை ஆக்குவார்.

பதிவறையின் கடைசி இரும்பு அலுமாரியின் கதவின் உட்புறத்தில் ஒரு சதுரக் கண்ணாடி ஒட்டியிருந்தார். கதவைத் திறந்தால் கண்ணாடி, மூடினால் அரசாங்கம். தெல்தெனிய பஸ், வத்தேகம பஸ், கடுகண்ணாவைப் பக்கத்து ரயில் என்று நெரிந்து கசங்கி வந்து சேரும் பெண்கள் முதலில் வரவுப் பதிவேட்டில் கையொப்பம் இடுவார்கள். எட்டரைக்குச் சிவப்புக் கோடு விழும், அதோடு கடமை நேரம் தொடங்கும். கோடு விழுந்த பிறகு ஒவ்வொருவராகப் பதிவறைக்குப் போவார்கள். நானும் போவேன். யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி வந்த மொழிபெயர்ப்பாளர் நான். தமிழும் சிங்களமும் நன்றாகத் தெரியும், சேலைக் கொசுவம் மட்டும் ஒரு நாளும் சமனாக வந்ததில்லை.

அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு விதி இருந்தது. மே முதல் ஜூலை வரை கண்டியில் எதுவும் காயாது, ஆகவே பருத்திச் சேலை கூடாது, உள்பாவாடைகூடப் பருத்தியாக இருக்கக் கூடாது, அது கணுக்காலில் தொட்ட தண்ணீரை முழங்கால் வரை குடிக்கும். ஒக்டோபரில் காலையில் வெயில், பின்னேரம் இடிமழை. காலையைப் பார்த்துச் சேலை எடுங்கள், பின்னேரத்தைப் பார்த்துக் கரை எடுங்கள் என்பார். அதாவது சேலையின் உடல் எந்த இளநிறமாகவும் இருக்கலாம், கீழ்க்கரை மண்நிறமாக இருக்கவேண்டும். மார்கழி, தையில் முழங்கை தாண்டிய கை வைத்த சட்டை. பெரஹர ஊர்வல நாட்களில் வீதிகளை மூடிவிடுவார்கள், வாவியைச் சுற்றி நடந்துதான் வரவேண்டும், அந்த வாரங்களில் கொசுவம் இரண்டு விரல் உயரமாக.

புதிதாக என்ன வந்திருக்கிறது என்றும் அவருக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொழும்பு வீதிக் கடைக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு ஒரு நடை போய்வருவார். வாங்குவதில்லை. கடுகு மஞ்சள் வந்த வருடம் எல்லோருக்கும் ஆசை பிறந்தது. நானும் கேட்டேன்.

“கொஞ்சம் பொறுங்க மிஸ். பஸ்ல மூணு பேர் கட்டியிருந்தா வாங்குங்க. பத்துப் பேர் கட்டிட்டா வாங்காதீங்க.”

மூன்றாவது ஆளைக் கண்ட அன்று அவரே வந்து சொன்னார். வாங்கினேன். இன்னும் இருக்கிறது.

கவுண்டரில் இருக்கும் பெண்களுக்கு மேசைக்கு மேலே தெரிவதுதான் சேலை, காசைக் கரையில் போடாமல் தோளில் போடுங்கள் என்பார். நேர்முகப் பரீட்சைக்குப் போகும் தமிழ்ப் பெண்கள் சிங்களவரின் கண்டிக் கட்டுக் கட்டுவதா, நம் கட்டுக் கட்டுவதா என்று தயங்கி நிற்பார்கள். எந்தக் கட்டில் பயமில்லாமல் கையை உயர்த்தி மேல்தட்டுக் கோப்பை எடுக்க முடியுமோ அந்தக் கட்டில் போகச் சொல்வார். பொட்டைப் பற்றிக் கேட்டவளிடம், நேற்று வைத்தாயா என்று மட்டும் கேட்டார். வைத்தேன் என்றாள் அவள். அப்படியானால் இன்றைக்கும் வை என்றார்.

கணக்குப் பிரிவில் தெல்தெனியவிலிருந்து வரும் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள்தான் அவருக்கு மிகவும் நெருக்கம், அவரோடு சண்டை பிடிப்பவளும் அவள்தான்.

“ஏன்டி, எனக்கு மட்டும் எப்பவும் பிரவுனு, பிரவுனுங்கிற? நான் என்ன கருப்பட்டியா?”

“உன்ன பாத்து சொல்லலடி. நீ வர்ற ரோட்ட பாத்து சொல்றேன்.”

இந்தப் பேச்சுகளை நான் அன்றன்றே கொப்பியில் எழுதினேன். திகதி, நேரம், யாருக்கு என்ன சொன்னார். ஒரு வருடக் குறிப்பைப் பின்னர் அடுக்கிப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. அவரிடம் இருந்தவை மூன்றே சேலைகள். சட்டையை மாற்றி, மடிப்பை மாற்றி, ஒரு நாள் தோளில் ஒற்றையாக விட்டு, இன்னொரு நாள் மடித்துக் குத்தி, அந்த மூன்றையும் சுற்றிச் சுற்றி உடுத்தியிருக்கிறார். தினமும் பார்த்த எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏன் இப்படி எல்லோரையும் திருத்தி அனுப்புகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் சேரவந்த முதல் நாள் பஸ் வழியில் நின்றுவிட, மிச்சத் தூரம் நடந்து, கரையெல்லாம் சேறாக வந்தாராம். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் வரிசையில் நிற்கச் சொன்னாராம். நியமனக் கடிதம் கையில் இருந்தும், ஒரு மணி நேரம் பொதுமக்களோடு வரிசையில் நின்றிருக்கிறார். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதனால்தானோ என்னவோ, வரிசையில் நிற்பவர்களையும் அவர் விடுவதில்லை. ஒரு நாள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருக்கிறதென்று ஒரு தோட்டத்துப் பெண் வந்தாள். அது அவளுக்கு மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் அது சரியில்லை, இது இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இவர் அவளைக் கையைப் பிடித்துப் பதிவறைக்குள் கூட்டிவந்தார். ஈரச் சேலையை இறுக்கிக் கட்டிவிட்டார். பிள்ளையின் முகத்தைத் துடைத்தார். பொலித்தீன் பையில் சுருண்டிருந்த கடதாசிகளை நீவி ஒரு கோப்பு மட்டைக்குள் வைத்தார். “நேரா உள்ளுக்குப் போங்க. கேட்டாத்தான் பேசணும். மட்டைய நீங்க திறக்காதீங்க, அவங்க திறக்கட்டும்” என்றார். உள்ளே அவளுக்குக் கதிரை கொடுத்தார்கள். நான் மொழிபெயர்க்கப் போயிருந்ததால் கண்டேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

அன்று மாலைதான் இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதவேண்டும் என்று தோன்றியது. மறுநாள் அவரிடம் சொன்னேன். என் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு குறிப்பின் இடப்பக்கத்திலும் மணி எழுதியிருந்தது. சிரித்தார்.

“எழுதுங்க மிஸ். பேரு கூட போட்டுக்கங்க. மணி மட்டும் போடாதீங்க.”

“ஏன்? நேரம் போடாட்டி அது என்ன குறிப்பு?”

“மணி போட்டா அது ரெஜிஸ்டர் ஆயிரும் மிஸ்.”

நான் தலையாட்டினேன். ஓம் என்றும் சொன்னேன் என்றுதான் நினைவு. கொப்பியில் அந்தப் பதில் எழுதப்படவில்லை.

அந்த வருடம் தற்காலிகமாக இருந்தவர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. சேவைக்காலத்தின்படி அவர் பெயர்தான் முதலாவது. கிடைத்தால் பேராதனைப் பக்கம் ஓர் அறை எடுத்து அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள இருந்தார். அறைகூடப் பார்த்தாயிற்று, ஜன்னல் கிழக்குப் பக்கம், சேலை காயும் என்று சொல்லியிருந்தார்.

கட்டுரையில் நான் அவர் பெயரைப் போடவில்லை. அலுவலகத்தின் பெயரையும் போடவில்லை. அதுவே பெரிய கவனம் என்று நினைத்தேன். “கண்டியில் ஓர் அலுவலகம், எட்டரைக்குச் சிவப்புக் கோடு விழுந்ததும், எட்டரை முதல் எட்டு ஐம்பது வரை, பதிவறையின் கடைசி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடம் நடக்கிறது” என்று தொடங்கினேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ‘காலையில் சற்று நேரம்’ என்று முதலில் எழுதி, வெட்டி, மணியை எழுதினேன். நேரம் இருந்தால்தான் படிப்பவர் நம்புவார் என்று நினைத்தேன். அது பொய்யல்ல. ஆனால் அவர் கேட்டுக்கொண்ட ஒன்றே ஒன்று அதுதான். தோட்டத்துப் பெண்ணின் கதையையும் முழுதாக எழுதினேன். கட்டுரையின் மிகச் சிறந்த பகுதி அது.

ஞாயிறு காலையே தெல்தெனியப் பெண் அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து அலுவலக வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். கீழே, “நம்ம ஒபிஸ்தானே! நம்ம ஆளுதானே!” பத்துப் பன்னிரண்டு பேர் கை தட்டும் படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை நிருவாக உத்தியோகத்தர் என்னைக் கூப்பிட்டார். அவர் சிங்களவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. குழுவில் வந்த பக்கத்தில் என்ன இருக்கிறதென்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அச்செடுத்த தாளை நீட்டி, நாளை காலைக்குள் சிங்களத்தில் வேண்டும் என்றார். கெட்ட மனிதரல்ல. அலுமாரிக் கண்ணாடியைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அந்த அறையைக் கடந்து போகும்போதெல்லாம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே போவார். அன்றைக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: “அச்சில் வந்துவிட்டது. நேரத்தோடு வந்துவிட்டது. நான் காணவில்லை என்று இனிச் சொல்லமுடியாது.”

எழுதியவள் நான்தான் என்று அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். அனுமதி பெறாமல் பத்திரிகைக்கு எழுதுவது எங்கள் சேவையில் குற்றம். எனக்கு அப்போது பதவி உயர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. தாளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் தமிழை நானே சிங்களத்தில் எழுதினேன். பிற்பகல் இரண்டேகால் முதல் நாலு வரை. எட்டரை முதல் எட்டு ஐம்பது வரை என்ற இடத்துக்கு வந்தபோது பேனா நின்றது. ‘காலையில் சற்று நேரம்’ என்று எழுதிவிட்டிருக்கலாம். ‘பதிவறைக்குள் கூட்டிவந்தார்’ என்பதை ‘ஓரமாகக் கூட்டிப்போனார்’ என்று மாற்றியிருக்கலாம். மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் தகுதியோடு அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே ஆளும் நான்தான். மாற்றவில்லை. தொழில் நேர்மை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாற்றியது எப்படியாவது தெரியவந்தால், ஏன் மாற்றினாய் என்று கேட்பார்களே என்ற பயம்தான் அது. “உண்மையான மொழிபெயர்ப்பு என உறுதிப்படுத்துகிறேன்” என்று எழுதி, ஒப்பமிட்டு, முத்திரை குத்தினேன்.

அவருக்கு விளக்கம் கோரிக் கடிதம் போனது, என் மொழிபெயர்ப்பை இணைத்து. கடமை நேரத்தில் வேறு காரியம் செய்தது, அரசாங்க அலுமாரியில் சொந்தக் கண்ணாடி ஒட்டியது, வெளியாளைப் பதிவறைக்குள் விட்டது. மூன்றுக்கும் ஆதாரம் அந்த ஒரு தாள்தான். நான்காவதாக ஒரு கேள்வி: இக்கட்டுரையை எழுதியவர் யாரென்று அறிவீரா?

நான்கு நாள் கழித்து, தமிழில் கையால் எழுதிய பதிலோடு அவர் என் மேசைக்கு வந்தார்.

“மிஸ், இத சிங்களத்துல போட்டுத் தாங்க.”

ஒரே பக்கம். முதல் மூன்றையும் ஒப்புக்கொண்டிருந்தார், சாக்குப்போக்கு இல்லாமல். கண்ணாடியை வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிடுவதாக எழுதியிருந்தார். நான்காவதற்குப் பதில்: “கட்டுரையை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது.”

நான் நிமிர்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்பு சரிந்திருந்தது; அந்தக் கிழமை முழுக்க நான் பதிவறைப் பக்கம் போகவில்லை. மேசையைச் சுற்றி வந்து, ஊக்கைக் கழற்றி, மடிப்பை ஒவ்வொன்றாக விரலால் நீவி அடுக்கத் தொடங்கினார். நான் சொல்ல வாயெடுத்தேன்.

“பேசாதீங்க மிஸ். குத்திரும்.”

குத்தி முடித்து, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, தன் அறைக்குப் போனார். நான் அந்தப் பதிலை மொழிபெயர்த்தேன். “எனக்குத் தெரியாது” என்பதற்குச் சிங்களத்தில் ஒரு சிக்கலும் இல்லை. அதையும் உண்மையான மொழிபெயர்ப்பு என உறுதிப்படுத்தி ஒப்பமிட்டேன்.

நிரந்தரப் பட்டியல் நொவெம்பர் கடைசியில் போனது. அதில் அவர் பெயர் இல்லை. டிசெம்பர் முப்பத்தோராம் திகதியுடன் அவரின் சேவை நீடிப்பும் முடிந்தது. கடிதத்தில் காரணம் எழுதப்படவில்லை, நீடிக்கப்படமாட்டாது என்று மட்டும் இருந்தது. கட்டுரைதான் காரணமா என்று தெல்தெனியப் பெண் நிருவாக உத்தியோகத்தரிடமே போய்க் கேட்டாள். அவர் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினாராம். யாரோ ஒருவர் எழுதி அவள் சோற்றில் மண்ணைப் போட்டார் என்று அதன்பிறகு ஒரு வருடம் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டிருந்தாள். படத்தைக் குழுவில் போட்டது தானே என்று அழவும் செய்தாள். பக்கத்துக் கதிரையில் இருந்து நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

கடைசி நாள் அவர் உடுத்தியிருந்தது மூன்றில் ஒன்று, சாம்பல் நிறம், மெரூன் கரை. வெளியே போகும்போது என் மேசையருகே நின்றார்.

“ஜனவரில குளிரும் மிஸ். நீளக் கை வச்சத போடுங்க.”

வாசலில் கொசுவத்தை உயர்த்திப் பெரிய ஊக்கால் குத்துவதைக் கண்டேன். சப்பாத்தைக் கழற்றிப் பையில் வைத்தார். கண்ணாடியைச் சொன்னபடி முன்னமே அடிமட்டத்தால் நெம்பி எடுத்துவிட்டிருந்தார். அலுமாரிக் கதவில் சதுரமாகப் பசைத்தடம் மட்டும் இருந்தது. நான் ஓய்வு பெறும்வரை அது அங்கே இருந்தது. பதவி உயர்வு எனக்குக் கிடைத்தது என்பதையும் இங்கே பதிய வேண்டும்.

அவருக்குத் தெரிந்திருந்ததா? கொப்பிகளை வைத்துப் பலமுறை சீர்தூக்கிப் பார்த்திருக்கிறேன். தெரிந்திருக்கும் என்பதற்கு: கொப்பியைக் கண்டவர் அவர் ஒருவர்தான், எழுதப்போவதை நான் சொன்னதும் அவரிடம் மட்டும்தான். தெரிந்திராது என்பதற்கு: அவர் பத்திரிகை வாங்குபவரல்ல, கீழே இருந்தது வேறு பெயர், மணி போடமாட்டேன் என்று நான் தலையாட்டியிருந்தேன். மணி இருந்ததால், இதை எழுதியவள் நானாக இருக்கமுடியாது என்று அவர் நம்பியிருக்கவும் கூடும். இரண்டில் எது எனக்கு அதிகம் வலிக்கிறது என்பதைத் தீர்மானிக்க முடியவில்லை.

போன மாதம் தெல்தெனியப் பெண் தொலைபேசியில் பேசினாள். வத்தேகம சந்தைக்குப் பக்கத்துப் புடைவைக் கடையொன்றில் ஒரு பெண் இருக்கிறாளாம். வேலைக்குப் போகிறவர்கள் கேட்டால் மூன்று பேர் கட்டட்டும், பிறகு வாங்குங்கள் என்று திருப்பி அனுப்புகிறாளாம். கடைக்காரர் ஏசுகிறாராம். கேள்விப்பட்டது மட்டும்தான், இவளும் போய்ப் பார்க்கவில்லை. கண்டியிலிருந்து வத்தேகமவுக்கு பஸ் ஒரு மணி நேரம்கூட எடுக்காது. ஒரு சிறு தகவலைச் சரிபார்க்க அனுராதபுரம் வரை போய்வந்தவள் நான். இங்கே இன்னும் போகவில்லை.

ஆகவே, கட்டுரையை எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரியாது என்ற கூற்று, என் ஒப்பத்தின்கீழ் கோப்பில் இருக்கிறது. அது உண்மையா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.